பிடித்த பாட்டை ஏன் ஒளித்துக் கேட்க வேண்டும்?

"உனக்குப் பிடித்த பாட்டு எது?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில் ஒன்று, தனியாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பது வேறொன்று. சபைக்கு ஒரு பட்டியல், தனிமைக்கு ஒரு பட்டியல். ஸ்பாட்டிஃபையில் நாம் என்ன கேட்கிறோம் என்று நண்பர்களுக்குத் தெரியாமல் மறைத்துக்கொள்ளத் தனி வசதியே இருக்கிறது. அதற்கு ஒரு தேவை இருக்கிறது என்பதே எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒருவர் ஒரு பாட்டைக் கேட்டு ரசிப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

எனக்கும் அப்படி ஒரு பாட்டு உண்டு. பள்ளி நாட்களில் வந்தது. அதில் வரும் புல்லாங்குழல் கீபோர்டில் வாசித்தது. டிரம் மெஷின் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே தட்டு. நிலாவும் கனாவும் இயைபுக்காகவே வந்து வரிகளின் முடிவில் உட்கார்ந்திருக்கும். எல்லாம் தெரியும். ஆனால் இரண்டாவது சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது பாடகி ஒரு மூச்சு இழுப்பார். ஒலிப்பதிவில் அது லேசாகக் கேட்கும். அந்த இடம் வந்தால் இன்றைக்கும் என் கை தானாகச் சத்தத்தைக் கூட்டுகிறது. தேடிப் பிடித்து எவ்வளவோ நுட்பமான இசையைக் கேட்டிருக்கிறேன், மனதாரப் பிடித்தும் இருக்கிறது. அவை எதுவும் இந்தப் பாட்டின் இடத்துக்கு வரவில்லை.

இதற்குக் காரணம் மூளையிலும் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெட்ர் ஜனாட்டா என்ற ஆய்வாளர், சின்ன வயதில் பிரபலமாக இருந்த பாடல்களை மாணவர்களுக்குப் போட்டுக்காட்டி மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார். சொந்த வாழ்க்கை நினைவுகளைக் கிளப்பிய பாடல்களுக்கு, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி அதிகம் வேலை செய்தது. 2009-இல் வந்த ஆய்வு அது. அந்தப் பாட்டைப் பிடிக்கிறது என்று நான் சொல்லும்போது அதில் என் வாழ்க்கையின் ஒரு துண்டும் சேர்ந்தே இருக்கிறது. அதை எப்படி மட்டம் என்று ஒதுக்குவேன்?

சரி, அப்படியானால் வெட்கம் எங்கிருந்து வருகிறது? பாட்டிலிருந்து வருவதாக எனக்குத் தோன்றவில்லை. அதைக் கேட்கிறவர்கள் யார் என்பதிலிருந்து வருகிறது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் மைதானத்தில், இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவே, ஒரு பெட்டி நிறைய டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது, இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. டிஸ்கோ வளர்ந்தது கறுப்பினத்தவர்களும் லத்தீனியர்களும் தன்பாலின ஈர்ப்பாளர்களும் கூடி ஆடிய இடங்களில். அன்று வெடித்த கோபம் வெறும் தாளத்தின் மீது வந்த கோபம் என்று என்னால் நம்ப முடியவில்லை. அதே 1979-இல்தான் பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ, ரசனை என்பது ஒரு வர்க்கம் இன்னொரு வர்க்கத்திடமிருந்து தன்னைப் பிரித்துக் காட்டும் வேலி என்று விரிவாக எழுதினார். 'மொக்கைப் பாட்டு', 'சின்னப் பிள்ளைங்க கேக்குற பாட்டு' என்று நாம் போகிற போக்கில் சொல்வதெல்லாம் அந்த வேலிக்கு நடும் கம்பங்கள். அப்புறம் காலம் மாறினால் வேலியும் நகரும். 1974-இல் ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் ஜெயித்த 'அப்பா' (ABBA) என்ற ஸ்வீடன் பாப் குழுவை, சர்க்கரைப் பாகு என்று விமர்சகர்கள் பலர் அந்தக் காலத்தில் தள்ளிவைத்தார்கள். 2010-இல் அதே குழுவுக்கு, பெரிய இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. பாடல்களில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை.

பழைய பாட்டுப் பிரியர்களிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. "எங்க காலத்துப் பாட்டு மாதிரி வருமா?" என்று கேட்பதும் அதே வேலிதான். அவரவர் இளமையில் கேட்டதுதான் அவரவருக்கு உசத்தி. ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இருவர் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 23, 24 வயதில் பிரபலமாக இருந்த பாடல்களின் மீதே மக்களுக்குப் பிரியம் உச்சத்தில் இருந்தது. இன்றைய பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் அந்த வயது வரப்போகிறது, பின்னாளில் ஏங்கிக் கேட்க அதற்கும் பாட்டு வேண்டும். அந்தப் பாட்டைக் கேட்கும்போது பக்கத்தில் நின்று முகம் சுளிக்காமல் இருந்தாலே போதும்.

ஒரு பாட்டு யாரையாவது கேவலப்படுத்துகிறது, பெண்ணைத் துரத்துவதைக் காதல் என்கிறது என்றால், அங்கே வரும் கூச்சம் நியாயமானது. மெட்டு பிடித்தாலும் வரியோடு சண்டை போட வேண்டும், நான் போடுகிறேன். கீபோர்டு புல்லாங்குழலுக்காகவும் ஒரே தட்டு டிரம்முக்காகவும் வெட்கப்பட மாட்டேன். என் பாட்டுப் பட்டியல் இப்போது எல்லோருக்கும் தெரியும்படிதான் இருக்கிறது.