20 கிலோ தாங்குமாம்!

கேமராவை நிறுத்தும் முக்காலியான டிரைபாட் வாங்குவதில் எனக்குக் குழப்பம் இருந்ததில்லை. அதன் உச்சியில் பொருத்தும், கேமராவை எந்தப் பக்கமும் சாய்த்து இறுக்க உதவும் பந்து மூட்டான பால் ஹெட்டைத் (ball head) தேர்ந்தெடுப்பதில்தான் நிம்மதி போயிற்று. பெட்டியின்மேல் ‘20 கிலோ தாங்கும்’ என்று அச்சிட்டிருந்ததை நம்பி வாங்கிய ஹெட், லென்ஸோடு சேர்த்தும் இரண்டரைக் கிலோவைத் தாண்டாத என் கேமராவையே தாங்கவில்லை. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் வளவில் (உள்முற்றத்தில்), பர்மா தேக்குத் தூண்கள் நேராக நிற்கும்படி காட்சியை அமைத்து, குமிழை இறுக்கிக் கையை எடுத்ததும், லென்ஸின் மூக்கு மெல்லச் சரிந்து, தூணின் உச்சியிலுள்ள போதிகை படத்தைவிட்டு நழுவி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரைதான் மிஞ்சியது. நான்கு முறை இப்படி. ஐந்தாம் முறை, சரிவுக்கு ஈடாகச் சற்று மேல்நோக்கி வைத்து இறுக்கினேன். அப்போது பார்த்து அது அசையவே இல்லை.

“படம் எடுக்க வந்தீகளா தம்பி, திருகாணி திருக வந்தீகளா?” என்று வீட்டு ஆச்சி கேட்டார்கள்.

இந்த எடையை அளப்பதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான முறை இல்லை என்பதுதான் எரிச்சலின் வேர். மேலிருந்து நேராக அழுத்தும் எடை வேறு. பந்தின் மையத்தைவிட்டு முன்னே நீளும் லென்ஸ் கொடுக்கும் முறுக்குவிசை வேறு. பெட்டியில் இருப்பது எதன் கணக்கு என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. பந்து எவ்வளவு இறுக்கமாக அசையும் என்ற இழுவையைக் கூட்டிக் குறைக்கத் தனிக் குமிழ் உள்ள வேறொரு ஹெட்டை இப்போது வாங்கியிருக்கிறேன். சரிவு நின்றது. ஆனால், இரண்டுமே ஆர்க்கா-ஸ்விஸ் எனும் ஒரே பொருத்து வகைதான் என்று சொல்லப்பட்டாலும், இதன் நெம்புகோல் பூட்டு, கேமராவின் அடியில் திருகும் என் பழைய பிளேட்டைப் பிடிக்க மறுக்கிறது.