தகவல் பரிமாற்றம் மட்டும் போதுமா?
நிறுவனத்தில் எல்லோரும் தகவலைப் பகிர்ந்துகொண்டால் போதும், அதைத்தான் வகுப்பறை விளையாட்டுகள் காட்டுகின்றன என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான பீர் விளையாட்டை எம்பிஏ மாணவர்களுக்கு நடத்துபவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை. கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், பீர் ஆலை என்று வரிசையாக நின்று, ஒருவர் அடுத்தவரிடம் ஆர்டர் போட்டுச் சரக்கு வாங்கும் விளையாட்டு அது. அதில் வாடிக்கையாளர் தேவை ஐந்தாவது வாரம் 4 பெட்டியிலிருந்து 8 ஆகும், அப்புறம் கடைசிவரை அதே 8தான். ஆனாலும் ஆலையாக ஆடுபவருக்கு ஆர்டர் தாறுமாறாக ஏறி இறங்கும். தேவையை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட்டாலும் இந்தக் குளறுபடி குறையுமே தவிர முழுதாக மறைவதில்லை. காரணம், ஆடுபவர்கள் ஏற்கெனவே ஆர்டர் போட்டு, வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கைக் கணக்கில் எடுக்காமல் மறுபடி ஆர்டர் போடுகிறார்கள். அதனால் யார் முடிவெடுப்பது, சரக்கு வந்துசேரும் தாமதத்தை எங்கே குறைப்பது என்று மாணவர்களே அமைப்பை மாற்றி இரண்டாம் முறை ஆட வேண்டும். பல கல்லூரிகளில் அதற்கு நேரமே ஒதுக்குவதில்லை.