கொக்குக்கு எந்த மரமானால் என்ன?

பஸ் ஸ்டாப் தூங்குமூஞ்சி மரத்தில், நாற்றம் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை கொக்குக் கூடுகளோடு கிளைகளை வெட்டிப் போட்டதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் வீடியோ பார்த்தாயிற்று. வெட்டியதைவிட எனக்கு எரிந்தது, அதற்குக் கீழே ஒரு அண்ணன் போட்ட வரிதான். "கொக்குக்கு எந்த மரமானா என்ன? வேற மரத்துக்குப் போயிக்கும்." அதற்கு 62 லைக்.

அப்படியெல்லாம் போகாது அண்ணா. பறவை கண்ட இடத்தில் அடையாது. பார்த்துப் பார்த்துத்தான் அடையும்.

கொழிஞ்சாம்பாறை போகிற வழியில் பனைகளை ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். தூக்கணாங்குருவிக் கூடுகள் பெரும்பாலும் கிழக்குப் பக்கமாகத்தான் தொங்கும். பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக்காற்று மேற்கேயிருந்து அடிக்கிறது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டாம். அதுகளுக்கும் வேண்டாம். பனை உழவாரன் ஓலையின் அடியில் எச்சிலால் கூட்டை ஒட்டி, முட்டையையும் சேர்த்து ஒட்டி வைக்கும். ஓலை என்ன ஆட்டம் ஆடினாலும் முட்டை விழாது. பனங்காடை கரண்ட் கம்பியில் உட்காருவது கீழே வெட்டுக்கிளி அசைந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக. உட்கார ஓரிடம், உறங்க ஓரிடம், குஞ்சு வளர்க்க ஓரிடம். எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு.

நம் தூங்குமூஞ்சிக்கும் கணக்கு உண்டு. குடை மாதிரி விரிந்த கிளை, சுள்ளி அடுக்கினால் நிற்கிற கவடு, பக்கத்திலேயே வயலும் குளமும். கீழே ராத்திரி பத்து மணி வரை ஆள் நடமாட்டம். பருந்தும் உடும்பும் கிட்டே வர யோசிக்கும். நமக்குத் தொல்லையாகத் தெரிகிற பஸ் சத்தம்தான் அதுகளுக்குக் காவல். கூட்டமாக அடைவதால் எங்கே இரை கிடைக்கிறது என்ற தகவலும் ஒன்றிடமிருந்து ஒன்றுக்குப் போகிறது என்று 1973-ல் வார்டு, சஹாவி என்ற இரண்டு பறவை ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதை ஒத்துக்கொள்ளாத ஆய்வாளர்களும் உண்டு. எப்படியோ, நம் குரூப்பைவிட உருப்படியான குரூப்.

"மரத்தடியில் கடை போட்டுப் பார், அப்புறம் பேசு" என்பீர்கள். போட்டிருக்கிறேனே! பதினோரு வருஷமாக அந்த மரத்துக்கு நேர் கீழேதான் என் ரீசார்ஜ் கடை. தினமும் காலையில் ஒரு வாளி தண்ணீர், ப்ளீச்சிங் பவுடர், தென்னந்துடைப்பம். வருஷத்துக்கு ஒரு தார்ப்பாய். நாற்றம் எனக்கும் நாற்றம்தான். திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரத்திலேயே பறவைகள் கூடு கட்டுகின்றன. அந்த ஊர்க்காரர்களுக்கு மூக்கு இல்லையா?

நோய் வரும் என்கிறார்கள். சரி, பின்னால் திறந்து கிடக்கிற சாக்கடைக்கு யாராவது ஒரு மெசேஜ் போட்டீர்களா?

கிளையை வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மார்கழியில் வெட்டுங்கள். நானே ஏணி தருகிறேன். கூடு நிறையக் குஞ்சு இருக்கிற கர்க்கிடக மாசத்தில்தான், அதாவது ஆடியில்தான், வெட்ட வேண்டுமா? முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் வேட்டைதான் என்று 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. மலப்புரத்தில் 2022-ல் ரோட்டுக்காக மரத்தைச் சாய்த்தபோது குஞ்சுகள் கொத்தாக விழுந்து செத்ததே, அந்த வீடியோவை இதே குரூப்பில் "மனுஷங்களா இவனுங்க" என்று ஃபார்வர்ட் பண்ணியவர்கள் நீங்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு மடையான் குஞ்சை, அதுதான் குளத்துக்கொக்குக் குஞ்சை, எடுத்தேன். தலையில் மயிர் மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும் தூவி, உடம்புக்குப் பொருந்தாத பெரிய கால். பயத்தில் பாதி செரித்த மீனை என் உள்ளங்கையில் கக்கிவிட்டது. பல்பு வந்த அட்டைப்பெட்டியில் பழைய துண்டு போட்டு வைத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு உயிர் அடங்கிவிட்டது. இதைக் குரூப்பில் போடவில்லை. போட்டிருந்தால் அதற்கும் ஒரு லைக் விழுந்திருக்கும்.

அப்பா இருந்தவரை சாயங்காலம் ஆறரைக்கு நாற்காலியை வெளியே போட்டுக்கொள்வார். அந்த நேரத்தில் மரத்து இலையெல்லாம் மூடிக்கொள்ளும். உள்ளே கொக்குகள் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். அதுகள் வந்து அடைய, வக்கா என்கிற ராக்கொக்கு ஒவ்வொன்றாகக் கத்திக்கொண்டு கிளம்பும். "நைட் டூட்டி கிளம்பிருச்சுடா" என்பார். தினமும் அதே வசனம்.

அவரையும் இப்படித்தான் சொன்னார்கள். இருபத்திரண்டு வருஷம் வாடகைக்கு இருந்த வீட்டைக் காலி பண்ணச் சொன்னபோது, "ஊர்ல வேற வீடா கிடைக்காது? இல்லைன்னா கோயமுத்தூர்ப் பக்கம் உங்க ஆளுங்ககிட்டப் போக வேண்டியதுதானே." மூன்று தலைமுறையாக இந்தப் பக்கத்து மண்ணில் இருக்கிறவரை! இதையும் அதையும் ஏன் முடிச்சுப் போடுகிறாய் என்றால் போடுவேன். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அன்றைக்கும் கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டிக்கொண்டுதான் நின்றார்கள்.

அந்த 62 லைக்கில் என் சித்தப்பாவுடையதும் ஒன்று. பார்த்துவிட்டேன் சித்தப்பா. போன் பண்ணிச் சமாதானம் சொல்ல வேண்டாம். லைக்கை எடுத்தால் போதும்.