கேன்ஸில் 'ராக்கெட்ரி' விருது வாங்கியதா?

மாதவன் இயக்கி நடித்த 'ராக்கெட்ரி' படம் பிரான்சில் நடக்கும் கேன்ஸ் திரைப்பட விழாவின் போட்டியில் விருது வென்றதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

படம் 2022 மே 19 அன்று கேன்ஸில் முதன்முறையாகத் திரையிடப்பட்டது உண்மைதான். ஆனால் போட்டியில் அல்ல. விழாவோடு சேர்ந்து நடக்கும், படங்களை வாங்கி விற்கும் திரைப்படச் சந்தையில் அந்த ஆண்டு இந்தியா கௌரவ நாடு; அந்த வகையில் காட்டப்பட்ட இந்தியப் படங்களில் இதுவும் ஒன்று. சிவப்புக் கம்பளத்தில் நடந்து வரும் புகைப்படத்தை வைத்து விருது என்று சொல்லிவிட முடியாது. 1994க்குப் பிறகு முதன்மைப் போட்டிக்குப் போன முதல் இந்தியப் படம், 2024இல் பாயல் கபாடியா இயக்கியதுதான். சந்தேகம் இருந்தால் கேன்ஸ் விழாவின் இணையதளத்தில் ஆண்டுவாரியாகப் பட்டியல் இருக்கிறது, பாருங்கள்.

'ராக்கெட்ரி'க்குச் சிறந்த படத்துக்கான தேசிய விருதே கிடைத்திருக்கிறது. இல்லாத பெருமை அதற்குத் தேவையில்லை. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள், அனுப்பியவருக்கும் சொல்லிவிடுங்கள்.