மோன்ட்ரியானுக்கு வரையத் தெரியாதா?

"டச்சு ஓவியர் பியட் மோன்ட்ரியானுக்கு வரையவே தெரியாது, அளவுகோல் வைத்து அஞ்சு நிமிஷத்தில் கட்டம் போட்டுப் பெயர் வாங்கிவிட்டார்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. அவர் ஓவியம் பிடிக்கவில்லை என்றால் சரி, அது வேறு விஷயம்.

1892இல் ஆம்ஸ்டர்டாம் அரசு கலைக்கழகத்தில் சேர்ந்து முறையாகப் படித்தவர். ஆரம்பத்தில் வரைந்தவை ஆறு, காற்றாலை, மரம். மரத்தை மட்டும் விடவே இல்லை: 1908 வாக்கில் சிவப்பாக எரியும் முழு மரம், 1911இல் சாம்பல் கிளைகள், 1912இல் கிட்டத்தட்ட வெறும் வளைகோடுகள். அந்த மாற்றம், பொருட்களைக் கோண வடிவங்களாக உடைத்து வரையும் கியூபிசம் என்ற ஓவியப் பாணியின் தாக்கம். பெயர்பெற்ற கட்டங்கள் 1920 வாக்கில்தான் வந்தன.

அஞ்சு நிமிஷக் கதையும் நிற்காது. கடைசி ஆண்டுகளில் நியூயார்க்கில் வண்ண நாடாக்களை கேன்வாஸில் ஒட்டி, இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பார். பூகி வூகி என்ற துள்ளலான பியானோ இசை மேல் அப்படியொரு பித்து! அந்த இசையின் பெயரிலேயே அவர் வரைந்த 'விக்டரி பூகி வூகி' ஓவியம் 1944இல் அவர் இறந்தபோதும் முடியவில்லை. ஒட்டிய துண்டுகள் அதில் அப்படியே உள்ளன.