பெரிய பேட்டரி எதற்கு?

மின்சார மலைச் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட் ஹவர் எடுக்கலாம்?" என்பதுதான். பேட்டரியில் எவ்வளவு ஆற்றல் அடங்கும் என்பதன் அளவு அது. கேட்கும்போதே 750, 800 என்று மனதுக்குள் முடிவு செய்திருப்பார்கள். பாதி மலையில் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற பயம். நானும் அந்தப் பயத்தில்தான் முதல் வண்டியை வாங்கினேன். ஒவ்வொரு முறையும் வீடு திரும்பும்போது பாதிக்கு மேல் சார்ஜ் மிச்சம் இருக்கும். பயன்படாத அந்தப் பாதியை இரண்டு வருடம் சுமந்து திரிந்தேன். இப்போது 400-க்கு மாறிவிட்டேன்.

போஷ் நிறுவனத்தின் பவர்டியூப் 750 பேட்டரி சுமார் 4.3 கிலோ. அதே நிறுவனத்தின் காம்பாக்ட்டியூப் 400 சுமார் 2 கிலோ. சின்ன பேட்டரி வண்டிகளில் பெரும்பாலும் மோட்டாரும் சின்னது, ஃப்ரேம் குழாயும் ஒல்லி. அதனால் மொத்த வண்டியில் வித்தியாசம் இன்னும் கூடும்.

ஆனால் ஏறுவதற்கு இந்த இரண்டு கிலோ ஒரு விஷயமே இல்லை. ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்றால், 1,000 மீட்டர் ஏற, உயரத்துக்கு மட்டும் 272 வாட் ஹவர் ஆற்றல் வேண்டும். இரண்டு கிலோ குறைந்தால் மிச்சமாவது ஐந்தரை வாட் ஹவர். அதற்காக யாரும் சின்னது வாங்க வேண்டாம்.

வித்தியாசம் இறங்கும்போதுதான் தெரியும். அங்கே மோட்டார் துணைக்கு வராது. எடை முழுவதும் நம் கையிலும் பிரேக்கிலும்தான். வேர் குறுக்கே வந்தால் முன் சக்கரத்தைச் சட்டென்று தூக்க வேண்டும். அடுத்தடுத்து வளைவுகள் வந்தால் வண்டியை இடமும் வலமும் சாய்க்க வேண்டும். கனமான வண்டியில் இதையெல்லாம் அரை நொடி முன்பே தொடங்க வேண்டியிருந்தது. இப்போது நினைத்த இடத்தில் திரும்புகிறது. பாதையில் மரம் விழுந்து கிடந்தால் தனி ஆளாகத் தூக்கித் தாண்டிவிடுகிறேன். முன்பு யாராவது வரும்வரை நின்றிருக்கிறேன். கனமான வண்டிதான் கரடுமுரடான இறக்கத்தில் தரையோடு ஒட்டி ஓடும் என்பவர்களும் உண்டு. அது உண்மைதான், வேகமாக, நேராக இறங்குகிறவர்களுக்கு அது பிடிக்கும். எனக்குப் பிடித்தவை குறுகலான, வளைந்த பாதைகள்.

சரி, தூரம்? ஏற்றத்தில் பாதி வேலையைக் கால்களே செய்தால், 1,000 மீட்டருக்கு மோட்டார் தர வேண்டியது 136 வாட் ஹவர். மோட்டாரில் வெப்பமாகப் போவது, டயர் உராய்வு எல்லாம் சேர்த்தாலும் 400-இல் தாராளமாக முடியும். மோட்டார் அதிகபட்ச உதவி தரும் டர்போ நிலையிலேயே ஓட்டினால் இந்தக் கணக்கு செல்லாது. கடும் குளிரிலும் பேட்டரி குறைவாகவே தரும்.

நீண்ட பயணத்துக்குக் கூடுதல் பேட்டரி இருக்கிறது. தண்ணீர் பாட்டில் இடத்தில் மாட்டலாம். டிகியூ நிறுவன மோட்டார் உள்ள வண்டிகளுக்கான 160 வாட் ஹவர் பேட்டரி ஒரு கிலோகூட இல்லை. தேவைப்படும் நாளில் மட்டும் சுமந்தால் போதும் என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது.

உடல் எடை அதிகமுள்ளவர்கள், ஒரே நாளில் 2,000 மீட்டர் ஏறுகிறவர்கள், முட்டிவலியால் மோட்டாரையே அதிகம் நம்புகிறவர்கள் பெரியதையே எடுங்கள். சின்ன பேட்டரியை அடிக்கடி சார்ஜ் செய்ய வேண்டும், அந்த அளவுக்கு அதன் ஆயுளும் வேகமாகக் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மற்றவர்கள் வாங்கும் முன் கடைசிப் பத்துப் பயணங்களில் எத்தனை மீட்டர் ஏறினீர்கள் என்று பாருங்கள். நான் அதிகபட்சமாக ஏறியது 1,100 மீட்டர். அதைப் பார்த்த பிறகுதான் 750-ஐ விற்றேன்.