டேப் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்

குழந்தைக்குத் தொட்டில் வாங்குவது பற்றிய உங்கள் கட்டுரையில் தேக்கா, ரப்பர் மரமா என்றே முழுக்கப் பேசிவிட்டு, பக்கக் கம்பிகளின் இடைவெளியை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. போன வருஷம் வேளச்சேரியில் தெரிந்தவர் வீட்டிலிருந்து ஒரு பழைய மரத்தொட்டில் வந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. டேப் வைத்து அளந்தால் இரண்டு கம்பிகளுக்கு நடுவே 9 செ.மீ.! 6 செ.மீ.க்கு மேல் இருக்கவே கூடாது. உடம்பு நழுவி வெளியே போய்விடும், தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு ஒரு பக்கத் தடுப்பு மேலும் கீழும் இறங்குகிற மாதிரி. கொக்கி தளர்ந்தால் அந்தச் சந்தில் குழந்தை சிக்கிவிடும் என்று அமெரிக்காவில் 2011-லேயே இதற்குத் தடை போட்டுவிட்டார்கள்.

அப்புறம் மெத்தை. ஓரத்தில் இரண்டு விரலுக்கு மேல் நுழைந்தால் அளவு சரியில்லை. அழுத்தினால் அமுங்குகிற இலவம்பஞ்சும் வேண்டாம்.

என் மாமியார் கடுகுத் தலையணை தைத்தே வைத்திருந்தார். டாக்டரோ, ஒரு வயது வரை தலையணையே கூடாது, மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் அத்தை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தத் தொட்டிலா? பால்கனியில் வெங்காயம் காய்கிறது அதில்.